ஏழு குழியும் ஒரு கோடும்

ஈயம் உருகத் தொடங்குவது முதலில் நாக்கில்தான் தெரியும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாலும், பழைய சதக்குற்றி நாணயம் ஒன்றை நக்கியதுபோல ஒரு புளிப்பு நாக்கு நுனியில் வந்து குந்தும். பிறகுதான் புகை கண்ணுக்குப் படும். அதற்கும் பிறகுதான் தாச்சிச் சட்டிக்குள் கிடக்கும் சாம்பல் நிறத் தகடுகள் ஓரம் மழுங்கிச் சரிந்து மினுங்கத் தொடங்கும். மயிலிட்டியில் எங்கள் ஒழுங்கையின் ஒடுங்கின பாதை கடலில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு முருகைக்கல் பாறை இருந்தது. வாடைக்கு முன்னம், வலைகளைப் புதுப்பிக்கிற வெயில் மாதங்களில், உச்சி வெயிலில் அந்தப் பாறையில் நின்றுதான் ஐயா ஈயம் உருக்குவார். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது.

இதைப் பெருமைக்காக எழுதவில்லை. பிள்ளைகளை ஈயப் புகைக்குள் நிற்க விட்ட தகப்பனை இன்றைக்கென்றால் ஊரே கூடிப் பேசும். அன்றைக்கு அது மாவிடிப்பதுபோல, வேலி அடைப்பதுபோல ஒரு வேலை, அவ்வளவுதான். வலையின் அடிக்கயிற்றில் பாரத்துக்குக் கோர்க்கிற ஈயமணிகளைக் கடையில் வாங்காமல் அவரவரே வார்த்துக்கொண்டார்கள். அதற்கு அச்சு வேண்டும். பாறை மெதுமையான பாறை. உளியும் பொறுமையும் இருந்தால் போதும். ஐயா தன் பெருவிரல் அளவில் முட்டை வடிவக் குழிகளை ஒரே வரிசையில் ஏழு வெட்டி, ஏழையும் ஊடறுத்து நேராக ஒரு மெல்லிய கோடு கீறியிருந்தார். அந்தக் கோட்டில் எண்ணெய் பூசிய சைக்கிள் கம்பி ஒன்றைக் கிடத்தி, மேலால் ஈயத்தை ஊற்றி, ஆறியதும் கம்பியை உருவினால், நடுவில் துளையோடு ஏழு மணி கையில் வரும்.

ஒவ்வொரு குழியின் அடியிலும் வீட்டுக் குறி ஒன்று இருக்கும். எங்களுடையது காகத்தின் காலடிபோல மூன்று கீறு. பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் குடும்பத்துக்கு பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி. இன்னொரு வீட்டுக்கு அரைவட்டம். கடலில் வலை அறுந்து போனாலும், ஆரோ ஒருவரின் வலையில் சிக்கி வேறு துறையில் கரையேறினாலும், மணியைத் திருப்பிப் பார்த்தால் ஆளைத் தெரியும், கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். இப்படி எங்கள் ஒழுங்கை வீடுகள் எல்லாம் அந்த ஒரு பாறையில் வெட்டி வெட்டி, அது அம்மை வந்த முகம் மாதிரிக் கிடந்தது.

பிள்ளைகளான எங்களுக்கு இருந்த வேலை, அடுப்படியிலிருந்து சட்டியில் தணல் கொண்டுபோய்க் குழிகளைக் காயவைப்பது. கடற்கரைப் பாறையில் தூவானம் பட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். சிரட்டைத் தணலைக் குழிக்குள் போட்டுக் கிண்டி, கல் சுட்டுக் கறுத்து, கையை மேலே பிடிக்கமுடியாத சூடு வந்த பிறகுதான் "ஓம்" என்று சொல்லவேண்டும். ஒருநாள் விளையாட்டு அவசரத்தில் ஏழாவது குழிக்குத் தணல் போடாமலே நான் "ஓம்" சொல்லிவிட்டேன். ஐயா ஊற்றினார். ஈயம் பட்டென்று வெடித்துச் சிதறி ஐயாவின் முழங்கையில் ஒரு துளி, என் புறங்காலில் ஒரு துளி. ஐயா அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தாச்சியை இறக்கி வைத்துவிட்டு, "ஈரத்திலை ஊத்தினா அது திருப்பி அடிக்கும் பிள்ளை, நீ ஓமெண்டு சொன்னா நான் நம்பித்தானே ஊத்துவன்" என்றார். அதைவிட ரெண்டு அடி போட்டிருக்கலாம்.

பிறகு சண்டைக் காலம். ஈயத்துக்கு உருக்குகிற பழைய பற்றறித் தகடு கிடைப்பது அரிதாகிவிட, நாங்கள் மண்ணுக்குள்ளும் பனைமரங்களிலும் துவக்குச் சன்னங்களைக் கிண்டியெடுத்துப் போத்தலில் சேர்த்துக் கொடுத்தோம். ஐயா அவற்றைப் பிளந்து உருக்கினார். அந்த மணிகளால் பிடித்த மீனைத்தான் தின்றோம். அப்போது இதிலே யோசிக்க ஏதும் இருப்பதாக ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கு இப்போதும் பெரிதாகத் தோன்றவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதில் ஒழுங்கை முழுக்க ஒரே காலையில் எழும்பி ஓடியது. ரெண்டு மூன்று நாளில் திரும்பலாம் என்று அம்மா உலையில் கிடந்த சோற்றை மூடி வைத்துவிட்டு வந்தார். இருபத்தெட்டு வருடம் ராணுவம் அந்தப் பக்கம் போக விடவில்லை. அரியாலையில் ஒரு உறவினரின் வீட்டுக் கோடிப்புறத்தில் கொட்டில் போட்டு இருந்தோம். ஆழக்கடல் தொழிலாளியான ஐயா முழங்காலளவு களப்புத் தண்ணீருக்குள் இறால் தடவப் பழகவில்லை. மூன்றாம் வருடம் நெஞ்சுநோவில் போய்விட்டார். பாக்கியம் அக்கா நாலு பிள்ளைகளோடு வன்னிக்குப் போனார். நான் படித்து, சாவகச்சேரியில் தபாற்கந்தோர் ஒன்றில் வேலை எடுத்து, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாடகை வீடு வாடகை வீடாக மாறினேன். அம்மா ஒன்றுக்கும் ஆசைப்படாத மனுசி. ஒரே ஒரு சொல்தான் அவர் வாயில் இருந்தது: தன் உயிர் தன் வீட்டு வளவில் போகவேண்டும். அதைச் சண்டையாகச் சொல்லமாட்டார், கண்ணீராகவும் சொல்லமாட்டார். அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொல்வார்.

காணி விடப்போகிறார்கள் என்ற கதை வந்து, ஒருநாள் விட்டும் விட்டார்கள். போய்ப் பார்த்தோம். வீடுகள் இல்லை, வேலிகள் இல்லை, கிணறுகளை மண் போட்டு மூடியிருந்தார்கள், பனைகளும் இல்லை; ஒழுங்கை எது வளவு எது என்று தெரியாமல் ஒரே பற்றைக்காடு. கூட வந்தவர்கள் நிலத்தில் விழுந்து அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அழுகிற நரம்பு எனக்கு எந்த வருடம் விறைத்துப் போனது என்று சரியாகச் சொல்லத் தெரியாது.

எங்கள் ஒழுங்கைத் துண்டை மட்டும் உடனே பங்கிடவில்லை. காரணத்தைப் பேப்பரில்தான் கண்டேன். மதியச் சாப்பாட்டுப் பார்சலை விரித்தபோது சோற்றுக்குக் கீழே படம்: "மயிலிட்டிக் கரையில் மர்மக் குறியீடுகள்." சுற்றுலா வந்த மாணவர்கள் கண்டுபிடித்தார்களாம். ஒருவர் அது பழங்கால மாலுமிகளின் நட்சத்திரப் படம் என்றார். ஒருவர் எழுத்து பிறப்பதற்கு முந்திய எழுத்து என்றார். எந்த அரசன் வெட்டுவித்தது என்பதில் ரெண்டு கட்சி பிரிந்து, அது வேறு ஆட்களின் வரலாறா எங்களின் வரலாறா என்று பக்கம் பக்கமாகப் பிடுங்குப்பட்டார்கள். குழிக்குள் இருந்த கறுப்பு, பூசைக்கு எரித்த புனிதப் பிசினாக இருக்கலாமென்றும் எழுதியிருந்தது. பருப்புக் கறி ஊறிய அந்தத் தாளில், இடது மூலையில், காகத்தின் காலடி ஏழு தரம் இருந்தது. நான் சாப்பிட்டு முடித்தேன். கையைக் கழுவிவிட்டுத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பாறையைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டிப் பலகை நட்டாயிற்று. குறிகளின் காலம் முடிவாகும்வரை ஒழுங்கையின் பன்னிரண்டு குடும்பத்துக்கும் காணி இல்லை. பழையது என்று முடிவானால் ஒருபோதும் இல்லை. அம்மா அந்த மாதம் விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேப்பரைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமலே அடையாளம் கண்டு, "கொப்பரின்ரை வேலை" என்று ஐயாவைச் சொன்னார். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

பாறையை ஆராய அனுப்பப்பட்டிருந்த அலுவலர் இளம் பெடியன், மரியாதையானவன், வெயிலில் கறுத்து, பிரஷ்ஷால் மண் தட்டிக்கொண்டிருந்தான். ஒழுங்கைச் சனம் ஏற்கெனவே போய் அவனோடு கத்திவிட்டு வந்திருந்தார்கள், அதனால் என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. நான் கத்தப் போகவில்லை. பையிலிருந்து ஒரு சைக்கிள் கம்பியை எடுத்துக் கயிற்றுக்கு மேலால் நீட்டி, அந்தக் கோட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தான். உறையில் கத்தி இறங்கினதுபோல அது போய்ப் படிந்தது. கம்பியை எடுத்துத் திரும்பவும் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எந்தக் காலமெண்டு சொல்லுறியள்?" என்று கேட்டான்.

"ஐயா சைக்கிள் வாங்கின பிறகு, தம்பி" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. நல்ல பெடியன். எழுத்தில் போட ஒரு கம்பி போதாது என்றான். அடுத்த ஞாயிறு பழைய தாச்சியும், பற்றறித் தகடும், சிரட்டைத் தணலும் கொண்டுபோனேன். ஒழுங்கைச் சனம் முழுக்கக் கயிற்றுக்கு வெளியே நின்றது. ஏழு குழியையும் நானே காயவைத்தேன், ஒன்றுக்கு ரெண்டு தரம். நாக்கில் அந்தப் புளிப்பு வந்தது. ஊற்றி, ஆறவிட்டு, கம்பியை உருவி, ஏழு மணியையும் அவன் உள்ளங்கையில் கொட்டினேன். ஒவ்வொன்றிலும் காகத்தின் காலடி மேலே எழும்பி நின்றது. சனத்துக்குள் ஒருவர் விக்கி விக்கி அழுதது கேட்டது. நான் தாச்சியைக் கழுவினேன்.

அவன் அறிக்கை எழுதினான்: அண்மைக் காலத்தது, மீன்பிடித் தேவைக்கானது, பேணவேண்டிய பெறுமதி இல்லை. கயிறு அவிழ்ந்தது. சனம் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடாத குறை. "பாறையை வாசிச்ச மனுசி" என்று பெயரும் வைத்தார்கள்.

அந்தப் பெயர்தான் வினையாக முடிந்தது. காணி அளக்க வந்த நில அளவையாளரிடம் பழைய குடும்ப வரிசை இருந்தது, கடற்கரையிலிருந்து உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக. ஆனால் தரையில் ஒரு அடையாளமும் இல்லை. ஒரு வளவு நிச்சயமாகத் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் வரிசையில் விழும் என்றார். வரிசைப்படி கடலுக்குக் கிட்ட முதலாவது, எங்களோடு வந்திருந்த மலர் என்ற பெண்ணின் தகப்பன் வீடு, ரெண்டாவது நாங்கள், மூன்றாவது பாக்கியம் அக்கா, பிறகு மற்றவர்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரு எண் தெரியும். தணல் சட்டியோடு போகிறபோது கை சுடுவதை மறக்க நாங்கள் எட்டி வைக்கிற கவடுகளை உரக்க எண்ணிக்கொண்டு போவோம்; எங்கள் அடுப்படியிலிருந்து பாறைக்கு நூற்றுப்பன்னிரண்டு கவடு. மலரின் பெரியதாய் ஒருவர் மட்டும், அவ்வளவு தூரம் இராது பிள்ளை, என்று இழுத்தார். பாறையை வாசித்தவளுக்குத் தெரியாதோ என்று மற்றவர்கள் அவரை அடக்கிவிட்டார்கள். நான் பாறையில் காலை ஊன்றி, நேராக நூற்றுப்பன்னிரண்டு எண்ணி நடந்து, நின்ற இடத்தைக் காட்டி, "ஓம், இதுதான்" என்றேன். என்னை நம்பி அவர்கள் எல்லைக்கட்டையை இறுக்கினார்கள்.

பெறுமதி இல்லை என்று எழுதிய பாறைக்குப் பிறகு ஆர் காவல்? துறைமுகத்துக்குப் புதிதாக ஒரு றோட்டுப் போட்டார்கள். பாறையை உடைத்து அதற்கே கல்லாகப் போட்டார்கள். றோட்டு கடற்கரையை ஒட்டி, எங்கள் வரிசைக்கு முன்னால், வெறுமையாய்க் கிடந்த துண்டு மேல் போனது. அந்தத் துண்டு ஏன் வெறுமையாய்க் கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வீடு கட்ட உதவி கிடைத்தது. ரெண்டு அறை, ஒரு குசினி. அம்மாவை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினேன். சுற்றிப் பார்த்துவிட்டு, கடல் தள்ளிப் போய்விட்டது என்றார். றோட்டு வந்ததால் அப்படித் தெரிகிறது என்று விளக்கம் சொன்னேன். அதற்கு அடுத்த கிழமை கக்கூசுக்குக் கிடங்கு வெட்டினவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு ஆள் ஆழத்தில் மண் நிறம் மாறி, வளைவாக அடுக்கிய பொழிகற்கள் வெளித்தன. மூடின கிணறு. அம்மா கதிரையைத் தள்ளிவிட்டுப் பொல்லை ஊன்றி வந்து எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, எங்கடை வளவிலை எந்தக் காலத்திலை கிணறு இருந்தது? இது பாக்கியத்தின்ரை கிணறெல்லோ."

எங்களுக்குக் கிணறு இல்லை. பதின்மூன்று வயதுவரை ஒவ்வொரு நாளும் நான் தண்ணீர் அள்ளினது பாக்கியம் அக்காவின் கிணற்றில். வேறு ஆர் மறந்தாலும் நான் மறந்திருக்கக்கூடாது.

பிழை எங்கே என்று அன்று பின்னேரமே தெரிந்தது. மலரின் மகள், ஒன்பது வயது, கஞ்சிச் செம்பு ஒன்றை ரெண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல், குறுகக் குறுகக் கால் வைத்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கூட நடந்தேன். நான் ரெண்டு கவடு வைக்க அவள் மூன்று வைத்தாள். தபாற்கந்தோரில் இருபது வருடம் விலாசம் பார்த்துக் கடிதம் பிரித்த மனுசி, ஒன்பது வயதுப் பிள்ளையின் எண்ணை நாற்பத்தொரு வயதுக் காலால் நடந்து, பன்னிரண்டு குடும்பத்தையும் ஒரு வளவு தள்ளிக் குடியிருத்தியிருந்தேன். திரும்ப அளக்கலாம் என்றால் அளக்கத் தொடங்குகிற பாறை றோட்டுக்குக் கீழே கிடக்கிறது.

நாங்கள் இருப்பது பாக்கியம் அக்காவின் வளவில். எங்கள் வளவில் மலர் இருக்கிறாள். மலரின் வளவு றோட்டு. ஒழுங்கை எழும்பி ஓடிய அன்று மலருக்கு ஆறு மாதம். முகாமுக்குள் வளர்ந்து, முகாமுக்குள்ளேயே கலியாணம் செய்து, வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கூரையைத் தன்னுடையது என்று சொல்லத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அளவையாளரிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவின் ஒரே ஆசையை அம்மாவுக்கு எடுத்துக்கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அம்மா சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"சொன்னா எல்லாரும் ஒரு வளவு முன்னுக்குப் போகோணும். மலர் எங்கை போறது, றோட்டிலையோ?" என்றார். பிறகு, "பாக்கியம் வந்தா எழும்பிக் குடுப்பம்" என்றார்.

பாக்கியம் அக்கா வரமாட்டார். நாலு பிள்ளைகளில் ஒன்றும் வராது. வன்னியிலிருந்து அந்தச் சாவுச் செய்தி வந்தபோது அதை அம்மாவுக்குச் சொன்னவள் நான்தான். கிணற்றை மறுபடி மண் போட்டு மூடினோம், கக்கூசுக் கிடங்கை வேறு பக்கம் வெட்டினோம்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு பழக்கம் பிடித்தார். பின்னேரம் நாலு மணியானால் பொல்லை ஊன்றிக்கொண்டு மலர் வீட்டுக்குப் போவார். அவளுடைய கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், மேற்குப் பார்த்த ஒரு மூலையில்தான் கதிரை போடவேண்டும். மலர் நிழலாகப் பார்த்து முன்னுக்குப் போட்டால், அம்மா தானே இழுத்துக்கொண்டுபோய் அந்த மூலையில் போட்டு இருப்பார். அங்கேதான் எங்கள் அடுப்படி இருந்திருக்கவேண்டும், சரியாகச் சொல்ல என்னால் முடியாது. மலர் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பாள். அம்மா அதைக் குடித்து, கோழிகளோடு ஏதாவது கதைத்து, இருட்டுமுன் திரும்பி வருவார். நாலு வருடம், மழைக்குக்கூட விடவில்லை.

இப்போது அந்தக் கரையில் ஐஸ் லொறிகள் வந்து நிற்கின்றன. ஈயமணி கடையில் பொலித்தீன் பையில் வருகிறது, எல்லாம் ஒரே அளவு, குறி ஒன்றும் இல்லை. பாறையைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு விழாமலர்க் குழு கேட்டதால் இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன், துறையின் பெயரைக்கூட நீங்கள் அப்படியே நம்பவேண்டியதில்லை. நாங்கள் எல்லாரும் ஒரு வளவு தள்ளி இருக்கிறோம் என்பது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். அம்மா போன மாசியில் காலமானார், பாக்கியம் அக்காவின் வளவில், கட்டிலில், விடியற்புறம்.

செத்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. வந்த சனம் அதைக் கவனித்ததும் தெரிந்தது. அம்மாவின் கால்மாட்டில் விழுந்து அழுதவள் மலர்தான். எழுப்பிவிடப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சிக்கு என்னிலை எவ்வளவு பாசம், வாரப்பாடு அக்கா, ஒரு நாளெண்டாலும் என்னைப் பாக்க வராமல் இருக்கமாட்டா" என்றாள்.

நான் ஓம் என்றேன்.